படம் காட்டாத மறுநாள் காலை

கண்ணு,

நீ சீட்டு எடுத்துக் கொடுத்த படத்தைப் பார்த்துவிட்டேன். பார்த்துச் சில வாரங்கள் ஆகிவிட்டன என்பது உனக்கும் தெரியும். போனில் ஒவ்வொரு தடவையும் நீ "படம் எப்படிப்பா?" என்று கேட்கிறாய். நான் "நல்லாத்தான் இருந்துது" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா, அங்கே மழை உண்டா என்று பேச்சை மாற்றிவிடுகிறேன். மறைப்பதற்காக அல்ல. அந்தப் படத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியது போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் நீ அழுவாய். நீ அழுதால் நான் எதற்கு வேண்டுமானாலும் சரி என்று சொல்லிவிடுவேன். நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அப்படித்தான். அதனால்தான் எழுதுகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உன் அம்மா கண்ணயரும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதியது இது. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பலகை மேல் சாக்பீஸால் அளவு எழுதிப் பழகிய கை, எழுத்து பெரிதாகத்தான் இருக்கும். உன் தோழிகளிடமும் காட்டு. அவர்கள் வீட்டிலும் யாராவது படுக்கையில் இருக்கலாம்.

அன்றைக்கு நீ சென்னையில் படம் பார்த்துவிட்டு வெளியே வந்த கையோடு கூப்பிட்டாய். பின்னால் ஆட்டோ சத்தம். "அப்பா, நான் ஜெர்மனிக்குப் போகல. இந்த வேலையையும் எழுதிக் குடுத்துட்டு ஊட்டுக்கே வந்தர்றேன். அம்மாவ நானே பாத்துக்கறேன். நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றாய். நான் பதறிப்போய், "ஏஞ்சாமி, என்னாச்சு?" என்றேன். "நீங்களும் அந்தப் படத்தப் பாருங்க, அப்பத்தான் நான் சொல்றது புரியும். நீங்க பாத்துட்டுச் சொல்ற வரைக்கும் லெட்டர் குடுக்கல" என்றாய். உண்மையைச் சொல்லட்டுமா? அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரெஸ்ட் என்ற சொல்லைக் கேட்டதுமே முதுகு தானாகக் கொஞ்சம் தளர்ந்தது. நீ வந்து நிற்கிற மாதிரியும் நான் கட்டிலில் குப்புறப் படுத்துத் தூங்குகிற மாதிரியும் நினைத்துப் பார்த்தேன். அப்பன் என்றால் உடனே "அதெல்லாம் வேண்டாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது வாயில் வரவில்லை.

சேலத்தில் படம். ராசிபுரத்திலிருந்து உன் அத்தை வந்து அம்மாவோடு இருந்தாள். நான் நாமக்கல்லில் பஸ் ஏறினேன். வீட்டை விட்டு, மருந்துக் கடைக்கும் காய்கறிக்கும் உன் அம்மாவை டாக்டரிடம் காட்டவும் தவிர, வெளியே கிளம்பி எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. நீ போனில் அனுப்பிய சீட்டை வாசலில் காட்டினேன். உள்ளே போனால் சாய்ந்தால் சாய்கிற நாற்காலி, குளுகுளு என்று ஏ.சி. பாட்டும் சண்டையும் இருக்கிற படங்களோடு நின்றுபோன ஆள் நான். விண்கலம், வேற்றுக் கோள் என்றால் சின்னப் பிள்ளைகள் சமாசாரம் என்று நினைத்திருந்தேன். இந்தப் படம் அப்படி இல்லை. மெதுவாக, யாரும் கத்தாமல் போனது. தமிழில் பேசினார்கள், உதடு மட்டும் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தது.

நீ பார்த்த படம்தான். இருந்தாலும் எனக்கு எப்படிப் புரிந்தது என்பதைச் சொல்கிறேன். இன்னும் வராத ஒரு காலம். ஊரில் இளவட்டங்களே இல்லை, எல்லோரும் வானத்தில் ஏதோ பெரிய நிலையம் கட்டப் போய்விட்டார்கள். கீழே இருக்கிற வயதானவர்களுக்கு அரசாங்கம் வீட்டுக்கு ஒரு இயந்திரம் கொடுத்திருக்கிறது. கடலோரத்தில் ஒரு வீடு. அதில் நடக்க முடியாத ஒரு அம்மாள். அவளைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் அந்த இயந்திரம்தான். அதற்கு முகம் என்று ஒன்று இல்லை, கை மட்டும் மனிதக் கை மாதிரி. மகள் மேலே இருந்து திரையில் பார்க்கிறாள், பேசுகிறாள். நாளாக ஆக, அம்மா மகளோடு பேசுவதைவிட இயந்திரத்தோடு பேசுவது அதிகமாகிறது. மகளுக்கு அது பொறுக்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் அந்தக் கை அவளைத் தூக்குகிற விதத்தைத்தான். முழங்கையை வளைத்து, தொடைக்கடியில் ஒரு கை, முதுகுக்கு ஒரு கை, துளியும் குலுங்காமல். பார்க்கப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

நடுவில் தூங்கிப்போனேன். அதை உன்னிடம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு தூக்கம் தூங்கி வெகுகாலம் ஆகிறது, கண்ணு. யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று உடம்புக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. விழித்துப் பார்த்தால் மகள் ஏதோ ஒரு கலத்தில் ஏறி உட்கார்ந்து கண்ணாடி வழியாக இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு அம்மாவிடம், "ஏனுங்க, இந்தப் புள்ள எங்க போகுது?" என்று கேட்டேன். "அதுதானுங்க எனக்கும் புரியல, வேலைய உட்டுட்டு வருதுன்னு நெனைக்கறேன்" என்றார் அவர். சரி, புரியாதவன் நான் ஒருத்தன் மட்டுமில்லை என்று நிம்மதியாக இருந்தது.

தூங்குவதற்கு முன்னால் பார்த்த ஒரு இடம் நன்றாக நினைவிருக்கிறது. அந்த அம்மாள் இயந்திரத்திடம் கேட்கிறாள், "உனக்குக் களைப்பே வராதா?" என்று. "களைப்பு என்றால் எப்படி இருக்கும் என்று சொல்லித் தருகிறீர்களா?" என்று அது திருப்பிக் கேட்கிறது. அவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "வேண்டாம், உனக்கு அது தெரியவே வேண்டாம்" என்கிறாள். தியேட்டரே அமைதியாக இருந்தது. நான் மட்டும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். படத்தை எழுதியவர் யாரோ, அந்த ஒரு வசனத்தை எங்கோ பட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும்.

அதற்கு அடுத்த காட்சிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நீ கவனித்தாயா என்று தெரியவில்லை, சின்னக் காட்சி, வேடிக்கையாக எடுத்திருந்தார்கள். அந்த அம்மாள் தண்ணீர் கேட்கிறாள். குடிக்கிறாள். கொஞ்ச நேரத்தில் தேநீர். அப்புறம் ஏதோ பழச்சாறு. ஒவ்வொரு தடவையும் இயந்திரம் அவளைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைக்கிறது. உட்கார்ந்ததும் அவள் மறுபடி, "கொஞ்சம் தண்ணீர்" என்கிறாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வாயெடுத்தேன், பாதியில் நின்றுவிட்டது. உன் அம்மா என்னிடம் கடைசியாக எப்போது தண்ணீர் கேட்டாள்? நானாகக் கொடுத்தால் ஒரு மிடறு. "போதுங்க" என்பாள். சேலம் அஸ்தம்பட்டி டாக்டரம்மா அவளுக்குச் சிறுநீரில் கிருமி என்று மாத்திரை எழுதும்போதெல்லாம் "தண்ணி நெறையக் குடுங்க" என்று சொல்லிச் சொல்லி அனுப்பியதும் ஞாபகம் வந்தது. நடுக்குவாதம் வந்தால் தாகம் எடுப்பதுகூட மறந்துபோகும் போல என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். தொந்தரவு செய்யாத மனுஷி என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

முடிவு உனக்குத் தெரியும். மகள் வந்து சேருகிறாள். இயந்திரத்தின் கழுத்துக்குப் பின்னால் இருக்கிற விசையை அணைக்கிறாள். அது அப்படியே நின்றுவிடுகிறது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருகிறாள். வெளியே கடல். வயலின். என்னைச் சுற்றி எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள். நீயும் அந்த இடத்தில்தான் அழுதிருப்பாய். எனக்கு எரிச்சல்தான் வந்தது. எழுந்து நின்று, "சரி, நாளைக்குக் காலையில?" என்று கேட்க வேண்டும்போல இருந்தது. அந்தப் பெண்ணுக்கு மணிக்கட்டு என் கட்டைவிரல் தண்டி. நாளைக்குக் காலையில் அந்த அம்மாளின் விறைத்த காலை நீவி மடக்கி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, மெல்ல உட்கார்த்தி, தலைசுற்றல் நிற்கிறவரை தோளில் சாய்த்துக்கொண்டு, அப்புறம் தூக்கி நிறுத்தி, ஒரு அடி எடுத்துவைக்க அவள் பாதம் தரையை விட்டுக் கிளம்புகிறதா என்று காத்திருந்து, பாத்ரூம் கொண்டுபோக வேண்டும். மறுநாள் மறுபடியும். பட்டறையில் சுமை தூக்கும் சங்கிலி, அந்தச் செயின் பிளாக், இருக்கும்போது எவனும் லாரிச் சட்டத்தைக் கையால் தூக்கி அதன்மேல் பாசத்தைக் காட்ட மாட்டான். இவளோ தூக்குகிற கையை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். மறுநாள் காலையைக் காட்டியிருந்தால் படம் பார்க்க யாரும் வரமாட்டார்கள். அது எனக்கும் புரிகிறது.

ஆனாலும் படத்தைக் குறை சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. களைப்பே இல்லாமல் பார்த்துக்கொண்டால் அது பார்த்துக்கொள்வதுதானா என்று படம் கேட்டது நல்ல கேள்வி. பதிலைத்தான் அவசரமாகச் சொல்லிவிட்டார்கள். வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அத்தை கிளம்பத் தயாராகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்ன படமுண்ணா?" என்றாள். கதையைச் சொன்னேன். "பாத்தியா? வெளிநாட்டுக்காரனே சொல்லிப்போட்டான், பெத்த மவ வந்து பாக்கோணும்னு. நானும் அதத்தானே சொல்லிக்கிட்டு இருக்கறேன். பொட்டப்புள்ளயப் பெத்து வெச்சுக்கிட்டு, நீ ஒரு ஆம்பள, அண்ணிக்குச் சடை பின்னிக்கிட்டுத் திரியறே. ஊர்ல பேசறாங்கண்ணா" என்றாள். அவளும் வந்து நாள் முழுக்க இருந்தவள், முகம் வாடியிருந்தது. பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினேன். "வேண்டாங்க" என்றாள். அவள் குரல் இப்போது இன்னும் இறங்கிவிட்டது. பக்கத்தில் காதைக் கொண்டுபோனால்தான் கேட்கும். "ஏம்புள்ள, நீ வேணும்னே தண்ணி குடிக்கறதில்லையா?" என்று கேட்டேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பப் பார்த்தாள். அதற்கும் நான்தான் உதவ வேண்டும் என்பதால் பாதியில் விட்டுவிட்டாள். "சொல்லு" என்றேன்.

"நான் கூப்புட்டா நீங்க எந்திரிக்கறீங்கல்ல, அப்ப ஒரு மூச்சு உடுவீங்க" என்றாள்.

"என்ன மூச்சு?"

"உங்களுக்குத் தெரியாதுங்க. பெருசா ஒரு மூச்சு. வெய்யறதில்ல, மொகஞ்சுளிக்கறதில்ல. மூச்சு மட்டுந்தான். ஒரு தம்ளர் குடிச்சா ஒரு மூச்சு. அதக் கேக்கறதுக்கு, தண்ணி இல்லாமயே இருந்துக்கலாம்."

எனக்கு அப்படி ஒரு மூச்சு வருவதே தெரியாது. தெரிந்திருந்தால் அடக்கியிருப்பேனா என்றால், அடக்கியிருக்க முடியாது. முழங்கால் வலிக்கிறவன் எழுந்தால் வருகிற மூச்சு அது. அவள்மேல் கோபமும் இல்லை, சலிப்பும் இல்லை. வெறும் களைப்பு. ஆனால் படுத்திருக்கிறவள் காதுக்கு எது எது என்று எப்படித் தெரியும்? அப்போதுதான் உன் விஷயத்தைச் சொன்னேன். நீ வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வரப்போவதாகச் சொன்னதை அதுவரை அவளிடம் சொல்லாமலே வைத்திருந்தேன். கேட்டதும் அவள் கை நடுக்கம் அதிகமானது. "அவ வந்தா, அவ மூச்சையும் நான் கேட்டுக்கிட்டுக் கெடக்கோணுங்களா?" என்றாள். அப்புறம், "வேண்டாங்க. காசு குடுத்து ஒரு ஆளப் போட்டுருங்க" என்றாள்.

ஆள் போடலாம் என்று உன் அம்மா முன்னாலும் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். நான்தான் கேட்கவில்லை. பட்டறையை மூடிவிட்டு வந்து உட்கார்ந்த நாளிலிருந்து எல்லோரும் என்னைப் புகழ்ந்துகொண்டே இருந்தார்கள். தெருவில் போகிற பெண்கள்கூட நின்று, "இப்படி ஒரு மனுசன் யாருக்குக் கெடைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அது ருசியாக இருந்தது, கண்ணு. களைப்புக்கு அது ஒரு மருந்து மாதிரி. ஆள் போட்டால் அது நின்றுபோகும் என்று எங்கோ ஒரு பயம். இதை நான் சொன்னால் நீ நம்பமாட்டாய், உன் அப்பாவை நீயும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

செல்வி வந்து இப்போது பத்து நாளுக்கு மேல் ஆகிறது. நான் போனில் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் இதுதான். கெங்கவல்லிப் பக்கத்துப் பெண், இங்கே மகன் வீட்டில் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த பழக்கம். காலையில் வந்து பொழுது சாய்ந்ததும் போகிறாள். இரவுக்கும் ஒரு ஆளை அவளே தேடிக்கொண்டிருக்கிறாள். அவள் ஒன்றும் படத்தில் வந்த இயந்திரம் இல்லை. அவளுக்கும் இடுப்பு வலிக்கிறது. "அம்மா, கொஞ்சம் பொறுங்க, ஒரு வாய் சாப்ட்டு வந்துடறேன்" என்கிறாள். தூக்கும்போது அவளும்தான் மூச்சு விடுகிறாள், என்னைவிடச் சத்தமாக. ஆனால் உன் அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை! செல்வி வந்த முதல் நாளே உன் அம்மா மோர் கேட்டாள். அப்புறம் காபி. அப்புறம் இளநீர் கிடைக்குமா என்று விசாரித்தாள். நான் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன். செல்வி எட்டிப் பார்த்து, "அய்யா, அம்மா இளநி கேக்கறாங்க, வாங்கியாறீங்களா? நடந்துட்டு வந்த மாதிரியும் இருக்கும்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. என்னிடம் கேட்காத தண்ணீரை, நேற்று வந்தவளிடம் கேட்கிறாளே என்று. இளநீர்க் கடை போய்ச் சேருவதற்குள் அந்த வலியும் அடங்கிவிட்டது. அவளிடம் கேட்பதால் உன் அம்மாவுக்கு எதுவும் குறைந்துபோவதில்லை. வேலை செய்கிறவளிடம் வேலை சொல்கிறாள், அவ்வளவுதான். என்னிடம் கேட்கும்போதுதான் அவளுக்கு மனசு கூசியிருக்கிறது.

உன் அத்தை போன் செய்வதை நிறுத்திவிட்டாள். "அண்ணியக் கூலிக்கு உட்டுட்டான்" என்று ராசிபுரத்தில் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. சொல்லட்டும். எனக்கு யாரோடும் வாதாடத் தெம்பில்லை. தூங்கி எழுந்தால் இன்னும் தூக்கம் வருகிறது. இத்தனை நாள் தூங்காததெல்லாம் வரிசையில் நின்று வருகிறது போல. நேற்று உன் அம்மாவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். தூக்கவில்லை, துடைக்கவில்லை, மாத்திரை கொடுக்கவில்லை. பழைய கதை ஏதோ. அவள் சிரித்தாள். அவளுக்கு இப்போது முகத்தில் சிரிப்பு சரியாக வருவதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் சிரித்தாள், எனக்குத் தெரியும்.

ஆகவே, நீ லெட்டர் கொடுக்க வேண்டாம். ஜெர்மனிக்குப் போ. அங்கே போய் இரண்டு மாதத்தில் மனசு அடித்துக்கொள்ளும், அம்மாவை அனாதையாக விட்டுவிட்டேனே என்று தோன்றும். அந்தப் படத்து மகள் ஞாபகத்துக்கு வருவாள். அப்போது, அவள் கையைப் பிடித்து உட்கார்ந்த அந்த இடத்தோடு நிறுத்தாதே. மறுநாள் காலையையும் சேர்த்து நினைத்துப் பார். பெற்றவளைக் குளிப்பாட்டினால்தான் மகள் என்று யார் சொன்னாலும் நம்பாதே, அது உன் அத்தையாக இருந்தாலும் சரி, வெள்ளைக்காரன் படமாக இருந்தாலும் சரி. நாளைக்கு எனக்கும் முடியாமல் போகும். அதற்குள் அப்படி ஒரு இயந்திரம் நிஜமாகவே வந்துவிட்டால், யோசிக்காமல் வாங்கிப் போடு. அதற்குக் கழுத்தில் விசை இருந்தால் யாரும் தொடாதபடி அப்பாவே ஒரு தகடு அடித்து மூடிவிடுவேன்.

இதுவரை எழுதியதை இன்று உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன். முடித்ததும் கையை அசைத்துக் கிட்டக் கூப்பிட்டாள். "அவ வேண்டாம்னு நான் சொன்னேன்னு எழுதியிருக்கறீங்க. அப்படியா சொன்னேன்? வேலைக்குத்தானுங்க வேண்டாம்னேன்" என்றாள். சரி, திருத்தி எழுதுகிறேன் என்றேன். திருத்த வேண்டாம், அடியில் சேர்த்தால் போதும் என்றாள். என்ன சேர்க்க என்று கேட்டதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

"லீவுல வரச் சொல்லுங்க. வந்து எம்பக்கத்துல படுத்துத் தூங்கட்டும். நான் கூப்புட்டாலும் எந்திரிக்க வேண்டாம்னு எழுதுங்க."

அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

அப்பா